பிரான்சிஸ் மரியன்

பிரான்சிஸ் மரியன் (நவம்பர் 18, 1888 – மே 12, 1973) அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளரும் நாவலாசிரியரும் ஆவார். சில படங்களை இயக்கியும் உள்ளார். பேசாப்படக் காலத்தில் எழுதத் தொடங்கி, பேசும்படம் வந்த பிறகும் முன்னணியில் நிலைத்து நின்ற மிகச் சில எழுத்தாளர்களுள் இவர் ஒருவர். இவர் எழுதியவை 300-க்கும் மேல் என்றும், அவற்றுள் 130-க்கும் மேற்பட்டவை படமாக்கப்பட்டன என்றும் கணக்கிடப்படுகிறது. திரை எழுத்துக்காக ஆஸ்கர் விருது பெற்ற முதல் பெண் இவரே. ‘தி பிக் ஹவுஸ்’ (1930), ‘தி சாம்ப்’ (1931) ஆகிய இரு படங்களுக்காக இரண்டு முறை அவ்விருதைப் பெற்றார்.

1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும் ஹாலிவுட்டில் மிக அதிக ஊதியம் பெற்ற எழுத்தாளர்களின் வரிசையில் இவர் முன்னிடத்தில் இருந்தார். பின்னர் தாமாகவே அத்தொழிலை விட்டு விலகினார். திரைக்கதை எழுதுவது எவ்வாறு ஒரு தனித்தொழிலாக உருவானது, அத்தொழிலில் எழுத்தாளருக்கு இருந்த அதிகாரம் எவ்வாறு குறைந்தது என்ற இரண்டையும் இவரது வாழ்க்கையில் சேர்த்தே காணலாம்.

இளமைக் காலம்

இவரது இயற்பெயர் மரியன் பென்சன் ஓவன்ஸ். கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். இவருக்கு ஏறத்தாழப் பத்து வயதானபோது பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். ஆசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்ததற்காகப் பன்னிரண்டாம் வயதில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஓவியப் பழக்கமே பிறகு அவரை மார்க் ஹாப்கின்ஸ் கலைக்கழகத்தில் கொண்டு சேர்த்தது. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அக்கழகக் கட்டடம் அழிந்தது. அவரது படிப்பும் அதோடு நின்றது.

அதன்பின் புகைப்படக் கலைஞர் அர்னால்ட் கெந்தேயிடம் உதவியாளராகவும், ‘சான் பிரான்சிஸ்கோ எக்சாமினர்’ நாளிதழில் செய்தியாளராகவும் பணிபுரிந்தார். செய்தியாளராக இருந்தபோது மேடை நடிகை மேரி டிரெஸ்லரின் அறிமுகம் கிடைத்தது. அப்போது அது ஒரு நாள் பழக்கம் மட்டுமே. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இருவர் வாழ்க்கையிலும் அது பெரிய இடத்தைப் பிடித்தது. 1910-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் சென்ற அவர், ஆலிவர் மொராஸ்கோவின் நாடக அரங்குக்கு விளம்பர ஓவியங்கள் வரைந்தார். திரைப்படத் துறையினருடன் பழக்கம் ஏற்பட்டது அங்கேதான்.

பேசாப்படத்தில் எழுத்தாளரின் வேலை

உரையாடலே இல்லாத படத்தில் எழுத்தாளருக்கு என்ன வேலை என்று இன்றைய மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். தொடக்கத்தில் உண்மையிலேயே பெரிய வேலை இருக்கவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் ஒரு சுருள் படங்களுக்கு, இயக்குநர் மனத்தில் இருந்த கதைக்கருவே போதுமானதாக இருந்தது. அல்லது புகழ்பெற்ற நாவலிலிருந்தோ நாடகத்திலிருந்தோ சில காட்சிகளை அனுமதி கேட்காமலே எடுத்துக்கொண்டனர். கேலம் நிறுவனம் 1907-இல் ‘பென்-ஹர்’ நாவலை இப்படித்தான் படமாக்கியது. பதிப்பாளர் வழக்குத் தொடுத்தார். நாவலின் கதையைப் படமாக எடுப்பதும் பதிப்புரிமையை மீறுவதே என்று 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு படநிறுவனங்கள் உரிமையை விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. இல்லையேல் புதிதாகக் கதை எழுதுவோரை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் படங்களின் நீளமும் கூடியது. ஐந்து, ஆறு சுருள்கள் கொண்ட படத்தை மனக்கணக்கில் எடுத்துவிட முடியாது. ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகள் கதையில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும், செலவைக் குறைக்க அவற்றை ஒரே நாளில் எடுக்க வேண்டும். அதற்குக் காட்சிக்குக் காட்சி எண்ணிட்டு, இடம், நடிகர்கள், அவர்கள் செய்ய வேண்டிய செயல், இடையில் திரையில் தோன்ற வேண்டிய எழுத்துகள் ஆகிய அனைத்தையும் எழுதி வைக்கும் படப்பிடிப்புத் திரைக்கதை தேவைப்பட்டது. இதை எழுதுவோர் சொல்லை நம்பாமல் கண்ணை நம்பி எழுத வேண்டியிருந்தது. ஒருவர் கோபமாக இருக்கிறார் என்று எழுதினால் போதாது. அந்தக் கோபத்தில் அவர் கை என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். ஓவியராகவும் செய்தியாளராகவும் பயிற்சி பெற்றிருந்த மரியனுக்கு இது இயல்பாகவே வந்தது.

புதிய தொழில் என்பதால் அதில் யாருக்கும் முன்னுரிமை இருக்கவில்லை. அனிதா லூஸ், ஜூன் மேதிஸ், ஜீனி மெக்பர்சன், பெஸ் மெரெடித் எனப் பல பெண்கள் அக்காலத்தில் திரைக்கதை எழுதி முன்னணிக்கு வந்தனர். மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்களுக்குக் கதவு பாதி மூடியிருந்த நாட்களில், இன்னும் மதிப்பே பெறாத இந்தத் தொழிலின் கதவு திறந்தே கிடந்தது எனலாம்.

திரைத்துறையில் நுழைவு

1914-இல், அக்காலத்தின் குறிப்பிடத்தக்க இயக்குநரான லோயிஸ் வெபர், பாஸ்வொர்த் நிறுவனத்தில் மரியனைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் வேலை செய்யவே மரியன் விரும்பினார். ஆனால் அங்கு வேலைப் பிரிவினை என்பதே கிடையாது. ஆடை தேடுவது, காட்சி அமைப்பது, விளம்பரம் எழுதுவது, படத்தொகுப்பில் உதவுவது, தேவைப்பட்டால் கூட்டத்தில் ஒருவராக நடிப்பது என எல்லாவற்றையும் செய்தார். பிரான்சிஸ் மரியன் என்ற பெயரும் இக்காலத்தில்தான் நிலைபெற்றது. பின்னாளில் அவரது திரைக்கதைகளில் நடைமுறைக்கு ஒவ்வாத காட்சிகள் அரிதாகவே இருந்ததற்கு வெபரிடம் பெற்ற இந்தப் பயிற்சியே காரணம்.

வெபர் யுனிவர்சல் நிறுவனத்துக்குச் சென்றபோது மரியன் உடன் செல்லவில்லை. அப்போது மேரி பிக்ஃபோர்டுடன் அவருக்கு நட்பு ஏற்பட்டிருந்தது. பிக்ஃபோர்ட் ஏற்கெனவே நாடெங்கும் அறிந்த நடிகை. அவர் நடித்த ‘எ கேர்ள் ஆஃப் யெஸ்டர்டே’ (1915) படத்தில் மரியன் ஒரு சிறு வேடத்தில் நடித்தார். பின்னர் பிக்ஃபோர்டுக்காக ‘தி ஃபவுண்ட்லிங்’ என்ற கதையை எழுதினார். படம் எடுத்து முடிக்கப்பட்டது. ஆனால் 1915 செப்டம்பரில் ஃபேமஸ் பிளேயர்ஸ் நிறுவனத்தின் நியூயார்க் ஸ்டுடியோவில் ஏற்பட்ட தீயில் அதன் படச்சுருள் முற்றிலும் எரிந்துபோனது. மறுபடியும் எடுக்கப்பட்டு 1916-இல்தான் படம் வெளிவந்தது.

முதல் படமே சாம்பலான நிலையில், நியூயார்க்கில் இருந்த மரியன் வேர்ல்ட் ஃபிலிம் நிறுவனத்தின் வில்லியம் பிரேடியை அணுகினார். இரண்டு வாரம் ஊதியமின்றி வேலை செய்வதாகவும், வேலை பிடித்திருந்தால் வாரத்துக்கு 200 டாலர் தர வேண்டும் என்றும் கேட்டார். அந்நாளில் புதியவர் ஒருவர் துணிந்து கேட்கக்கூடிய தொகை அல்ல அது. நிறுவனத்தில் வெளியிடத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட படங்கள் கிடந்தன. பிரேடியின் மகள் ஆலிஸ் நடித்த ஒன்றை மரியன் தேர்ந்தெடுத்தார். அது அளவுக்கு மீறி அழுது வடியும் சோகப்படம். அதன் முன்னும் பின்னும் புதிதாகச் சில காட்சிகளை மட்டும் எழுதிச் சேர்த்து, நடுவில் உள்ள சோகம் முழுவதையும் நகைச்சுவையாக்கினார். எடுத்த படத்தை ஒரு அடிகூட வீணாக்காமல் விற்கத்தக்க படமாக மாற்றியதைக் கண்ட பிரேடி, கேட்ட ஊதியத்தைக் கொடுத்தார். விரைவில் மரியன் அந்நிறுவனத்தின் கதைப்பிரிவுக்குத் தலைமை ஏற்று, குறுகிய காலத்தில் ஏராளமான படங்களுக்கு எழுதினார்.

மேரி பிக்ஃபோர்டுடன்

1917-இல் வெளிவந்த ‘தி பூர் லிட்டில் ரிச் கேர்ள்’ இருவருக்கும் திருப்புமுனை. செல்வந்தர் வீட்டில் கவனிப்பாரின்றி வாடும் பதினோரு வயதுச் சிறுமியாக 24 வயது பிக்ஃபோர்ட் நடித்தார். அவர் சிறுமியாகத் தெரிவதற்காக மேசை நாற்காலிகளைப் பெரிதாகச் செய்தார்கள். மூல நாடகத்தில் இல்லாத குறும்புகளை மரியன் திரைக்கதையில் சேர்த்தார். சேற்றை வாரி எறிந்து சண்டையிடும் காட்சி அவற்றுள் ஒன்று. காட்சி அழகில் நாட்டமுள்ள இயக்குநர் மொரிஸ் தூர்னருக்கு இவை பிடிக்கவில்லை. முடிந்த படத்தைப் பார்த்த நிறுவனத்தாருக்கும் சிரிப்பு வரவில்லை; படம் தோல்வி என்றே முடிவு கட்டினர். மரியனும் பிக்ஃபோர்டும் அதை நம்பி மனம் நொந்தனர். ஆனால் திரையரங்கில் மக்கள் சிரித்தார்கள், அழுதார்கள். படம் பெருவெற்றி பெற்றது.

இதன் விளைவாகப் பிக்ஃபோர்டின் தனி எழுத்தாளராக ஆண்டுக்கு 50,000 டாலர் ஊதியத்தில் மரியன் ஒப்பந்தம் செய்யப்பட்டார். ‘ரெபேக்கா ஆஃப் சன்னிபுரூக் ஃபார்ம்’, ‘எ லிட்டில் பிரின்சஸ்’ (இரண்டும் 1917), ‘எம்லிஸ்’ (1918) முதலான படங்கள் தொடர்ந்து வந்தன. இவற்றுள் ‘ஸ்டெல்லா மேரிஸ்’ (1918) தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதில் பிக்ஃபோர்ட் இரு வேடங்களில் நடித்தார். ஒன்று, உலகத் துன்பம் எதுவும் தெரியாமல் வளர்க்கப்படும் நடக்கவியலாத செல்வப் பெண். மற்றொன்று, அடியும் உதையும் மட்டுமே கண்ட, அழகற்ற அநாதைப் பெண் யூனிட்டி. பொன்னிறச் சுருள்முடிக்காகவே கொண்டாடப்பட்ட ஒரு நடிகையை ஒட்ட வாரிய தலையும் கோணிய தோளுமாக நடிக்க வைக்க நிறுவனத்தார் தயங்கியதில் வியப்பில்லை. நடிகரிடம் மக்கள் ஏற்கெனவே பார்த்ததை விடுத்து, இன்னும் பார்க்காததை எழுதும் மரியனின் பழக்கம் இப்படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

எல்லாப் படங்களும் இவ்வாறு அமையவில்லை. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மூலம் பிக்ஃபோர்ட் வெளியிட்ட முதல் படமான ‘பாலியானா’ (1920) வசூலில் வென்றது. எப்போதும் மகிழ்ச்சியையே போதிக்கும் அந்தச் சிறுமியை எழுதியவருக்கும் பிடிக்கவில்லை, நடித்தவருக்கும் பிடிக்கவில்லை.

போரும் இயக்கமும்

முதல் உலகப் போரின் இறுதியில், 1918-இல், அமெரிக்க அரசின் சார்பில் மரியன் ஐரோப்பா சென்றார். போர்ப்பணியில் ஈடுபட்ட பெண்களைப் படமெடுப்பது அவரது வேலை. போர்நிறுத்தத்துக்குப் பின் ரைன் ஆற்றைக் கடந்த முதல் அமெரிக்கப் பெண் இவரே என்று கூறப்படுகிறது.

திரும்பி வந்ததும் ஃபிரெட் தாம்சனை 1919-இல் மணந்தார். இது மரியனின் மூன்றாவது திருமணம். தாம்சன் தேசிய அளவில் வென்ற விளையாட்டு வீரர். படையில் சமயகுருவாகப் பணியாற்றியவர். ‘ஜஸ்ட் அரவுண்ட் த கார்னர்’, பிக்ஃபோர்ட் நடித்த ‘தி லவ் லைட்’ (இரண்டும் 1921) ஆகிய படங்களை மரியன் இயக்கினார். ‘தி லவ் லைட்’ படத்தில் தாம்சனும் நடித்தார். பின்னர் அவர் குதிரைவீரர் படங்களில் பெரும்புகழ் பெற்ற நடிகரானார். அப்படங்கள் சிலவற்றுக்கு ஃபிராங்க் எம். கிளிஃப்டன் என்ற புனைபெயரில் எழுதியவர் மரியனே. இயக்கும் வேலையில் மட்டும் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1923-இல் வந்த ‘தி சாங் ஆஃப் லவ்’ படத்தைச் செஸ்டர் ஃபிராங்க்ளினுடன் சேர்ந்து இயக்கியதோடு மீண்டும் எழுத்துக்கே திரும்பினார்.

பேசாப்படத்தின் உச்சம்

இக்காலத்தில் நாவல்களைத் திரைக்கு ஏற்றவாறு மாற்றுவதில் மரியனுக்கு இணை குறைவு. ஃபேனி ஹர்ஸ்டின் சிறுகதையைத் தழுவிய ‘ஹியூமரெஸ்க்’ (1920), நியூயார்க்கின் ஏழை யூதக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை. இத்தகைய மக்களைத் திரையில் பார்க்க யார் வருவார்கள் என்ற ஐயம் தயாரிப்புத் தரப்பில் இருந்தது. படம் வெற்றி பெற்றதோடு, ‘ஃபோட்டோபிளே’ இதழ் தொடங்கிய பதக்கத்தை முதன்முதலாகப் பெற்றது. ஆஸ்கர் விருது தோன்றாத அந்நாளில் அதுவே பெரிய மதிப்பு.

சாமுவேல் கோல்ட்வினுக்காக எழுதிய ‘ஸ்டெல்லா டல்லஸ்’ (1925) படத்தின் முடிவு, பேசாப்பட எழுத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. மகள் நல்ல நிலையில் வாழட்டும் என்று தானாக விலகிப் போன தாய், மகளின் திருமணத்தைத் தெருவில் மழையில் நனைந்தபடி சன்னல் வழியே பார்க்கிறாள். அவளுக்கு அங்கே பேச வேண்டிய சொல் எதுவும் இல்லை.

மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் (எம்.ஜி.எம்.) நிறுவனத்தில் லிலியன் கிஷ்ஷுக்காக இரு படங்களை எழுதினார். இரண்டையும் சுவீடனைச் சேர்ந்த விக்டர் சீஸ்ட்ரோம் இயக்கினார். ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ (1926) படத்தின் மூல நாவலுக்குச் சமயக் குழுக்களிடமிருந்து எதிர்ப்பு இருந்தது. கிஷ் அவர்களிடம் பேசி இசைவு பெற்ற பிறகே எழுத்து வேலை தொடங்கியது. டோரதி ஸ்கார்பரோவின் நாவலைத் தழுவிய ‘தி விண்ட்’ (1928) அதைவிடக் கடினமானது. ஓயாமல் வீசும் காற்றும் மணலும் ஒரு பெண்ணின் மனத்தைக் குலைப்பதே கதை. மொகாவி பாலைவனத்தின் கடும் வெப்பத்தில், விமானச் சுழலிகளைக் கொண்டு மணலை வாரியடித்துப் படமாக்கினர். நாவலில் அப்பெண் இறுதியில் புயலுக்குள் நடந்து மறைகிறாள். வெளிவந்த படத்திலோ அவள் கணவனோடு நிற்கிறாள். முடிவு இனிமையாக இருந்தும் படம் ஓடவில்லை. பேசும்படத்துக்கு மக்கள் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. இன்று அது பேசாப்படக் கலையின் கடைசிப் பெரும் படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அந்த ஆண்டின் முடிவு மரியனுக்குக் கொடிய இழப்பைத் தந்தது. ஆணி குத்திய காயம் முற்றி, இசிவு நோயால் (டெட்டனஸ்) ஃபிரெட் தாம்சன் 1928 டிசம்பர் 25 அன்று இறந்தார். இரண்டு சிறு மகன்களுடன் மரியன் தனித்து நின்றார்.

மேரி டிரெஸ்லரின் மறுவருகை

சார்லி சாப்ளினுடன் 1914-இல் நடித்துப் புகழ் பெற்றிருந்த மேரி டிரெஸ்லருக்கு, 1920-களின் நடுவில் வேலையே இல்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, உடல் பருத்தவர், அழகி என்று யாரும் சொன்னதில்லை. அவரது நிலையை அறிந்த மரியன், அவரை மனத்தில் வைத்து ‘தி கலஹன்ஸ் அண்ட் த மர்ஃபிஸ்’ (1927) கதையை எழுதி எம்.ஜி.எம். தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்கிடம் கொண்டுசென்றார். படம் எடுக்கப்பட்டது. ஆனால் ஐரிஷ்-அமெரிக்கர்களை இழிவுபடுத்துகிறது என்று எழுந்த கடும் எதிர்ப்பால் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

முயற்சி அதோடு நிற்கவில்லை. யூஜின் ஓ’நீலின் ‘அன்னா கிறிஸ்டி’ நாடகத்தை மரியன் திரைக்கு எழுதினார். கிரெட்டா கார்போவின் குரலை மக்கள் முதன்முதலாகக் கேட்ட படம் (1930) என்பதால் அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. நாடகத்தின் முதல் அங்கத்தோடு மறைந்துவிடும் மார்த்தி என்ற குடிகாரக் கிழவியை, மரியன் படத்தின் பிற்பகுதியில் மீண்டும் வரவழைத்தார். அந்த வேடம் டிரெஸ்லருக்கு. கார்போவைக் கேட்க வந்தவர்கள் டிரெஸ்லரையும் பேசிக்கொண்டு வெளியேறினர்.

அடுத்து வந்த ‘மின் அண்ட் பில்’ (1930) உருவான விதமும் மரியனின் குணத்தைக் காட்டுகிறது. அவரது நண்பரும் எழுத்தாளருமான லோர்னா மூன் காசநோயால் படுத்திருந்தார். மருத்துவத்துக்குப் பணம் தேவை. மூனின் ‘டார்க் ஸ்டார்’ நாவலை எம்.ஜி.எம். வாங்கும்படி மரியன் செய்தார். பின்னர் மேரியன் ஜாக்சனுடன் சேர்ந்து எழுதிய திரைக்கதையில் நாவலின் சாயல் மிகக் குறைவு. துறைமுகத்தில் விடுதி நடத்தும் முரட்டுக் கிழவியின் கதையாக அது மாறியிருந்தது. அவ்வேடத்துக்காக டிரெஸ்லர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். 1932, 1933 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கத் திரையரங்க உரிமையாளர்களின் கணிப்பில் வசூலில் முதலிடம் பிடித்தவர், அறுபதைக் கடந்த இந்த நடிகையே. ஹாலிவுட் வரலாற்றில் இதற்கு ஒப்பான இன்னொன்று காண்பது கடினம்.

இரண்டு ஆஸ்கர்கள்

பேசும்படம் வந்ததும் ஸ்டுடியோக்கள் உரையாடலுக்காக நாடக ஆசிரியர்களை நியூயார்க்கிலிருந்து அழைத்து வந்தன. பேசாப்பட எழுத்தாளர்கள் பலர் வேலை இழந்தனர். மரியன் வேறு வழியைக் கையாண்டார். சிறை வாழ்க்கையைப் பற்றி எழுத எண்ணியதும் சான் குவென்டின் சிறைச்சாலைக்கு நேரில் சென்றார். கைதிகளும் காவலர்களும் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டார். மேடைப் பேச்சின் பூச்சு இல்லாத உரையாடல் அவருக்கு அங்கே கிடைத்தது.

‘தி பிக் ஹவுஸ்’ படத்தில், குடிபோதையில் கார் ஓட்டி ஒருவரைக் கொன்ற செல்வந்தர் வீட்டு இளைஞன், கொலைகாரன் ஒருவனோடும் மோசடிக்காரன் ஒருவனோடும் ஒரே அறையில் அடைக்கப்படுகிறான். இடத்துக்கு மேல் ஆள் அடைத்த சிறை மனிதனைத் திருத்தாது, கெடுக்கும் என்பதைப் படம் வாதமாகச் சொல்லாமல் காட்டியது. முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் ஒன்றை மட்டும் ஏற்கவில்லை: தப்பிச் சென்ற கைதி, அறைத்தோழனின் மனைவியைக் காதலிப்பது. அவளைத் தங்கையாக மாற்றி அக்காட்சிகளை மறுபடி எடுத்தனர். 1930 நவம்பரில் நடந்த விழாவில் இப்படத்தின் எழுத்துக்காக மரியன் ஆஸ்கர் பெற்றார். படத்தின் இயக்குநரான ஜார்ஜ் ஹில்லை அவ்வாண்டே மணந்தார்; அத்திருமணம் 1933-இல் முறிந்தது.

‘தி சாம்ப்’ கிங் விடோர் இயக்கிய படம். குடியாலும் சூதாலும் சீரழிந்த முன்னாள் குத்துச்சண்டை வீரனையும், அவனைத் தாய்போலப் பார்த்துக்கொள்ளும் சிறுமகனையும் பற்றியது. தந்தையாக வாலஸ் பீரி, மகனாக ஜாக்கி கூப்பர். பாரமவுன்ட் கைவிட்டிருந்த பீரிக்கு ‘தி பிக் ஹவுஸ்’ மறுவாழ்வு தந்தது. ‘தி சாம்ப்’ ஆஸ்கரைத் தந்தது. சிறந்த கதைக்கான ஆஸ்கரை மரியன் பெற்ற விழா நடந்த நாள் 1932 நவம்பர் 18. அன்று அவருக்கு 44-ஆவது பிறந்தநாள். இக்கதை 1979-இல் ஃபிராங்கோ செஃபிரெல்லியால் மீண்டும் படமாக்கப்பட்டது.

எழுத்தாளரின் இடம் சுருங்குதல்

இந்த இரண்டாவது விருதை ஊன்றிக் கவனித்தால் ஒரு மாற்றம் புலப்படும். ‘தி சாம்ப்’ படத்தில் கதை மரியனுடையது. உரையாடலுடன் கூடிய காட்சித் தொடரை எழுதியவர் லியனார்ட் பிராஸ்கின்ஸ். ‘டின்னர் அட் எய்ட்’ (1933) படத்தின் எழுத்தில் மரியனோடு ஹெர்மன் மான்கியவிச்சின் பெயரும் வருகிறது. கூடுதல் உரையாடலுக்கு இன்னொருவர். கார்போ நடித்த ‘கமீல்’ (1936) படத்தின் திரைக்கதையில் மூன்று பெயர்கள். கதைக்கு ஒருவர், கட்டமைப்புக்கு ஒருவர், நகைச்சுவைக்கு ஒருவர் என ஸ்டுடியோக்கள் எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தன. பிக்ஃபோர்ட் காலத்தில் மரியன் எழுதியதோடு நில்லாமல், நடிகர் தேர்விலும் படப்பிடிப்பிலும் தொகுப்பிலும் உடனிருந்தார். புதிய முறையில், எழுதிய தாள் அறையை விட்டு வெளியேறிய பின் எழுதியவருக்கு அதன்மேல் உரிமை இல்லை.

ஊதியமும் பாதுகாப்பானதாக இல்லை. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933 மார்ச்சில், ஸ்டுடியோக்கள் ஊழியர் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்தன. அதனால் எழுந்த கோபத்தில் எழுத்தாளர் சங்கம் புத்துயிர் பெற்றது. ஜான் ஹோவர்ட் லாசன் தலைவராகவும் மரியன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர் வாங்கிய ஒருவர், தமக்குக் கீழே சில பத்து டாலருக்கு எழுதியவர்களோடு சேர்ந்து நின்றது நிறுவனத்தாருக்கு உவப்பாக இருந்திருக்காது.

1934-இல் டிரெஸ்லரும் ஜார்ஜ் ஹில்லும் இறந்தனர். மரியனின் எழுத்தை மதித்த தால்பெர்க் 1936 செப்டம்பரில் 37 வயதில் காலமானார். மரியன் இங்கிலாந்து சென்று அலெக்சாண்டர் கோர்டாவின் ‘நைட் விதவுட் ஆர்மர்’ (1937) படத்தில் பணிபுரிந்தார். அதே ஆண்டில், திரைக்கதை எழுதி விற்பது எப்படி என்று புதியவர்களுக்குக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். ‘கிரீன் ஹெல்’ (1940) தோல்வி அடைந்தது. 1940-களில் பெரும்பாலும் பிறர் எழுதியதைத் திருத்தும் வேலையே அவரிடம் வந்தது. 1946-இல் ஹாலிவுட்டை விட்டு விலகினார்.

பிற்காலம்

அதன்பின் நாவல்கள் எழுதினார், சிற்பக்கலை பயின்றார். முன்பே ‘மின்னி ஃபிளின்’ (1925) என்ற நாவலில் திரையுலகின் ஏற்றத்தாழ்வுகளை எழுதியிருந்தார். அவரது நினைவுக்குறிப்புகள் 1972-இல் வெளிவந்தன. தம்மைப் பற்றிக் குறைவாகவும் பிறரைப் பற்றி மிகுதியாகவும் பேசும் நூல் அது. அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

அவர் இறந்தபின் நெடுநாள், திரைப்பட வரலாற்று நூல்களில் இயக்குநர்களின் பெயர்களே பேசப்பட்டன. மரியனின் பெயர் விருதுப் பட்டியலில் மட்டும் எஞ்சியது. கேரி போஷாம்ப் 1997-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூல் அவரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. ‘தி கலஹன்ஸ் அண்ட் த மர்ஃபிஸ்’ உட்பட அவர் எழுதிய பேசாப்படங்கள் பல இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றுள் ‘தி பூர் லிட்டில் ரிச் கேர்ள்’, ‘தி விண்ட்’, ‘ஹியூமரெஸ்க்’ ஆகிய மூன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன.